52 நிமிடக் கச்சேரி

இசை: வாசகர் கேள்வி–பதில்

மார்கழி நெருங்குகிறது. சபாவில் ஒரு மணி நேரம் கிடைத்தவர்கள், கோயில் உற்சவத்தில் முக்கால் மணி கிடைத்தவர்கள், ஆராதனையில் கால் மணி கிடைத்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்கக் குறுங்கச்சேரிதான்.

கே: டிசம்பரில் ஒரு சபாவில் மதியம் ஒரு மணி நேரம் பாடுகிறேன். வர்ணம், மூன்று கீர்த்தனை, மெயின் என்கிற பெரிய உருப்படி, அதில் மிருதங்கத்தின் தனி, இரண்டு துக்கடா (லேசான சின்னப் பாட்டு), தில்லானா என்று பட்டியல் போட்டேன். வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தாலே 80 நிமிடம் வருகிறது. எதை வெட்டுவது?
– வாசகி, மயிலாப்பூர்

ப: வெட்ட ஆரம்பித்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கி, கடைசியில் ஒன்றுமே மனசில் நிற்காமல் போய்விடும். அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மெயினிலிருந்து மறுபடி போடுங்கள்.

முதலில் உங்களுக்கு இருப்பது 60 நிமிடம் இல்லை. முன் கச்சேரிக்காரர்கள் எழுந்து, நீங்கள் உட்கார்ந்து, சுருதி சேர்த்து முடிக்க 3 நிமிடம். நடுவிலோ முடிவிலோ செயலாளர் மைக்கைப் பிடித்து, பக்கவாத்தியக்காரர்களுக்குச் சால்வை போட 5 நிமிடம். மிச்சம் 52. இதற்குத்தான் திட்டம்.

மெயினுக்கு 30 நிமிடம் ஒதுக்குங்கள். ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது) 6, வயலினுக்கு 3, கீர்த்தனை 8, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) 3, கற்பனையாகப் பாடும் ஸ்வரம் 4, தனி 6. மீதி 22. அதில் தொடக்க உருப்படி 5, இரண்டாவது கீர்த்தனை சின்ன ராகக் கோடியோடு (ராகத்தின் சுருக்கமான சாயலோடு) 7, மெயினுக்கு முன் ஒரு துரித காலப் பாட்டு 3, துக்கடா 4, மங்களம் 1. பாட்டுக்குப் பாட்டு மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் மொத்தம் 2 நிமிடம். கணக்கு சரியாகிவிட்டது. தில்லானாவும் இரண்டாவது துக்கடாவும் மூன்றாவது கீர்த்தனையும் இதில் இல்லை. வருத்தமாகத்தான் இருக்கும்.

வீட்டில் எடுத்த 80 நிமிடம்கூட உண்மையான கணக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். கல்பனா ஸ்வரத்தில் நீங்கள் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடினால் வயலினும் ஓர் ஆவர்த்தனம் திருப்பித் தரும். ஆகவே 4 நிமிட ஸ்வரம் என்றால் உங்கள் பங்கு 2 நிமிடம்தான். நிரவலிலும் இதே கதை. தனியாகப் பாடி நேரம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

கீர்த்தனைக்கு எத்தனை நிமிடம் என்பதை உத்தேசமாகச் சொல்லாதீர்கள், எண்ணுங்கள். இரண்டு களை ஆதியில் (ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரட்டித்துப் போடும் ஆதி தாளத்தில்) ஓர் ஆவர்த்தனம் 12 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 5 ஆவர்த்தனம், 8 நிமிடத்தில் 40. பல்லவியின் சங்கதிகள் (ஒரே வரியின் மெட்டு மாற்றங்கள்) எத்தனை ஆவர்த்தனம், அனுபல்லவி எத்தனை, சரணம் எத்தனை, பல்லவிக்குத் திரும்பி வருவது எத்தனை என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். 40-ஐத் தாண்டினால் சங்கதிகளைக் குறையுங்கள், சரணத்தில் கை வைக்காதீர்கள். பாட்டை இயற்றிய வாக்கேயக்காரரின் முத்திரைச் சொல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சரணம் இல்லாமல் மெயின் பாடினால் முன்வரிசையில் ஒருவராவது முகம் சுளிப்பார்.

இனி ராகங்களின் வரிசை. ‘ம’ ஸ்வரத்தின் இரு வகைகளான சுத்த மத்யமம், பிரதி மத்யமம் மாறி மாறி வரட்டும் என்பது எல்லோரும் சொல்லும் விதி. அது போதாது. உங்கள் மெயின் காம்போதி என்றால் அதற்கு முன்னால் பகுதாரி பாடாதீர்கள். இரண்டும் 28-வது மேளமான (தாய் ராகமான) ஹரிகாம்போதியின் வழி வந்தவை. பகுதாரியின் தைவதமும் நிஷாதமும் காதில் நிற்கும்போதே காம்போதியை ஆரம்பித்தால் ராகத்தின் முதல் விள்ளல் அடிபட்டுப்போகும். மோகனமும் அங்கே வேண்டாம், காம்போதியின் ஆரோகணத்துக்குள்ளேயே மோகனம் உட்கார்ந்திருக்கிறது. நாட்டையில் தொடங்கி, ரூபகத்தில் ஒரு பந்துவராளி, ஓடுகிற காலத்தில் ஒரு ஸ்ரீரஞ்சனி, பிறகு இரண்டு களையில் காம்போதி, கடைசியில் காபியிலோ சிந்துபைரவியிலோ ஒரு துக்கடா என்று போட்டுப் பாருங்கள். ஸ்ரீரஞ்சனியின் தாழ்ந்த ‘க’வான சாதாரண காந்தாரத்தைக் கேட்ட காதுக்குக் காம்போதியின் உயர்ந்த ‘க’வான அந்தர காந்தாரம் கதவைத் திறந்துவிட்டது போல இருக்கும்.

மோகனத்தை அடுத்து சுத்தசாவேரி வேண்டாம். சுத்தசாவேரியின் மத்யமத்தை ஷட்ஜமாக வைத்தால் கிடைப்பது மோகனம். முன்பாட்டு காதை விட்டுப் போகாத நிலையில், சுருதியே இடம் மாறிவிட்டதோ என்று கேட்பவர் ஒரு கணம் குழம்புவார். பாடுகிறவரும் குழம்பியதுண்டு.

தாளத்துக்கு அவ்வளவு யோசிக்க வேண்டாம். மெயின் ஆதி என்றால் அதற்கு முன் ஏதாவது ஒன்று மிஸ்ர சாப்பிலோ ரூபகத்திலோ இருக்கட்டும். மிருதங்கக்காரர் நன்றி சொல்வார்.

கே: முதல் பாட்டில் குரலே எழும்ப மாட்டேன் என்கிறது. மூன்றாவது பாட்டில்தான் சரியாகிறது. ஒரு மணி நேரத்தில் மூன்றாவது பாட்டு என்றால் பாதிக் கச்சேரி போய்விடுகிறதே?
– வாசகர், திருச்சி

ப: இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, குரலைத் தயார் செய்யாமல் மேடையேறுவது. மூன்று மணி நேரக் கச்சேரியில் வர்ணமே குரலைத் திறந்துவிடும். குறுங்கச்சேரியில் அந்த வேலையை மேடைக்கு வெளியே முடித்துவிட வேண்டும். ஏறுவதற்கு 40 நிமிடம் முன்பு மந்த்ர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயி ‘ப’விலிருந்து) மெதுவாக ‘அ’ என்று நீட்டும் அகாரம், பிறகு வர்ணம் முதல் காலத்தில் ஒரு முறை, இரண்டாம் காலத்தில் ஒரு முறை. மொத்தம் 20 நிமிடம் போதும். அதற்கு மேல் பாடினால் மேடைக்கு மிச்சம் வைக்க மாட்டீர்கள்.

மற்றது, பாட்டுத் தேர்வு. எடுத்த எடுப்பிலேயே தார ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) நிற்கிற பாட்டை முதலில் வைக்கக் கூடாது. மத்திய ஸ்தாயியில் உலவி, அனுபல்லவியில் மேலே போகிற பாட்டுதான் முதல் பாட்டு.

காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், ஒரு கண்ணி. பதற்றத்தில் எல்லோரும் வீட்டுக் காலத்தைவிட வேகமாகத்தான் எடுப்பார்கள். பல்லவி சுகமாகப் போகும், சிட்டை ஸ்வரம் (பாட்டோடு முன்பே அமைந்த ஸ்வரப் பகுதி) வரும்போது நாக்கு பின்னும். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகலப் பாட்டான ‘ரகுவம்ச சுதா’வில் இப்படி மாட்டிக்கொள்கிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். தப்பிக்க வழி எளிது. வாயைத் திறப்பதற்கு முன் பல்லவியை நினைக்காதீர்கள். பாட்டில் எது அதிவேகமான இடமோ அதை மனசுக்குள் ஓர் ஆவர்த்தனம் ஓட்டிப் பார்த்து, அந்தக் காலத்தில் தாளத்தைப் போட்டுவிட்டுப் பல்லவியை எடுங்கள்.

கே: எங்கள் ஊர் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு 45 நிமிடம் பாடச் சொல்லியிருக்கிறார்கள். திறந்தவெளி. சபாக் கச்சேரியின் சின்ன வடிவம் போதுமா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

ப: போதாது. சபாவில் ஜனம் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் எழுந்திருக்காது. கோயிலில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூட்டம் மாறும். அர்ச்சனைத் தட்டோடு வருகிறவர், குழந்தையைத் தேடுகிறவர், பிரசாதம் வாங்கிக்கொண்டு அப்படியே ஓரமாக நிற்கிறவர். அவர் எந்த நிமிடத்தில் வந்தாலும் அப்போது ஒரு பாட்டு நடந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே ஆலாபனை 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விளம்ப காலத்தின் நுணுக்கமான கமகங்கள் வெளி ஒலிபெருக்கியில் கரைந்துபோகும், மத்யம காலமே நல்லது.

5 நிமிடப் பிள்ளையார் பாட்டு, 4 நிமிடத்தில் ஒரு முருகன் பாட்டு, மெயினாகப் பாபநாசம் சிவனின் ‘சரவணபவ எனும்’ போல ஷண்முகப்ரியாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஸ்வரத்தோடு 14 நிமிடம், தனி 6, பிறகு விருத்தமும் திருப்புகழும் சேர்த்து 7. மொத்தம் 36. மிச்சத்தைக் கோயில் எடுத்துக்கொள்ளும். தனியை விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திறந்தவெளியில் நடந்து போகிறவரை நிறுத்துவது மிருதங்கம்தான். ஊர்க்காரர்கள் தாளம் போட்டுக்கொண்டு கேட்பார்கள்.

தீபாராதனை எத்தனை மணிக்கு என்று குருக்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மணியோசைக்கு எதிராகப் பாடிப் பயனில்லை. ஆலாபனையில் இருந்தால் ஷட்ஜத்தில் நிறுத்திவிட்டு எழுந்து கும்பிடலாம். கீர்த்தனையில் இருந்தால் பல்லவிக்கு வந்து முடியுங்கள். அந்த நேரத்தில் தனி நடக்காதபடி பட்டியலை முன்னே பின்னே தள்ளி வைப்பது புத்திசாலித்தனம். விருத்தத்தின் நீளம் உங்கள் கையில் இருக்கிறது, அதைத் தீபாராதனைக்கு முன்னால் வைத்தால் எங்கே வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம்.

கே: தியாகராஜ ஆராதனையில் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பாட்டு பாடலாமா?
– வாசகி, கும்பகோணம்

ப: இரண்டு. அதுவும் இரண்டாவது பாட்டு ரப்பர் போல நீளக்கூடியதாக, சுருங்கக்கூடியதாக இருக்கட்டும்.

ஆராதனைகளில் ஒருவர் பின் ஒருவராக ஏறுவதால் நேரம் எப்போதும் வழுக்கும். கால் மணி என்று சொன்னது உங்கள் முறை வரும்போது பத்து நிமிடமாகியிருக்கும். முதல் பாட்டை 7 நிமிடத்துக்கு வையுங்கள்: முக்கால் நிமிடம் ராகத்தின் சாயல், கீர்த்தனை, நான்கு சுற்று ஸ்வரம். இரண்டாவதாக தியாகராஜரின் திவ்யநாம கீர்த்தனைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பல்லவி, ஒரே மெட்டில் பல சரணங்கள். நேரம் இருந்தால் நான்கு சரணம், இல்லையென்றால் இரண்டு. முத்திரைச் சரணத்தை மட்டும் விடாதீர்கள். உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளிலும் இந்த வசதி உண்டு.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்தும் தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளின் ராகங்கள். அன்றைக்குக் கோஷ்டி கானத்தில் முழுசாகப் பாடப்படும். அதே நாளில் அந்த ராகங்களை நீங்களும் எடுக்காமல் இருந்தால் காதுக்கு மாறுதல் கிடைக்கும். அபூர்வ ராகத்தில் சாமர்த்தியம் காட்டவும் இது இடமில்லை. வயலின், மிருதங்கக்காரர்கள் அங்கேயே இருப்பவர்கள், உங்களோடு ஒத்திகை பார்த்தவர்கள் அல்ல. பாட்டின் எடுப்பை (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை) பெரிய கையசைவோடு காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கே: பக்கவாத்தியக்காரர்களிடம் பட்டியலை முன்பே சொல்வது மரியாதையா, மரியாதைக் குறைவா? ஸ்வரக் கோர்வையையும் சொல்லிவிடலாமா?
– சங்கீத மாணவி, மதுரை

ப: மேடையில் ராகத்தைக் கேட்டுத்தான் வயலின் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பழைய வழக்கம். அதில் ஓர் அழகு உண்டு. ஆனால் மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி ஒருவரையொருவர் புரிந்துகொள்ளக் கிடைத்த காலத்தின் வழக்கம் அது. 52 நிமிடத்தில் அந்த அவகாசம் இல்லை. மெயின் ராகம், தாளம், களை, எடுப்பு, தனிக்கு எத்தனை நிமிடம் என்ற ஐந்தையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். துக்கடா அபூர்வமானது என்றால் வயலின்காரருக்கு ஒலிப்பதிவு அனுப்புங்கள்.

கோர்வை, அதாவது ஒரு சொற்றொடர் மூன்று முறை வந்து பாட்டின் எடுப்பில் விழும் முடிவுக் கணக்கு, அதில் ஒரு யோசனை. குறுங்கச்சேரிக்கு ஒரே ஒரு கோர்வை போதும், அது கேட்டவுடன் புரிய வேண்டும். ஒரு களை ஆதியில் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) தொடங்கிச் சமத்தில் முடிக்க: 8 மாத்திரைச் சொற்றொடர், 4 கார்வை (இடைவெளி), மறுபடி 8, 4 கார்வை, மறுபடி 8. கூட்டினால் 32. பாட்டு ஒன்றரை இடம் தள்ளி எடுப்பது என்றால் 6 மாத்திரை அதிகம் வேண்டும், 38. கார்வையைத் தொடாமல் சொற்றொடரை மட்டும் 10 ஆக்குங்கள்: 10, 4, 10, 4, 10. ஒவ்வொரு சொற்றொடரிலும் இரண்டு மாத்திரை கூட்டினால் மூன்று முறைக்கு ஆறு வந்துவிட்டது. இதை மிருதங்கக்காரர் முதல் தடவையே பிடித்து, மூன்றாவது சொற்றொடரில் உங்களோடு சேர்ந்து வாசிப்பார். அப்போதுதான் கைதட்டல் வரும். நாலு ஆவர்த்தனத்துக்கு நீளும் கணக்கைப் பாடி, பக்கவாத்தியம் முழிக்க, நீங்கள் மட்டும் சரியாக வந்து விழுந்தால் அது தேர்வறைச் சங்கீதம்.

கே: வீணைக் கச்சேரிக்கு 40 நிமிடம். பாடகர்களுக்குச் சொல்லும் யோசனை எங்களுக்கும் பொருந்துமா?
– வீணைக் கலைஞர், கோவை

ப: பாதிதான் பொருந்தும். உங்களுக்குச் சாகித்யம் கேட்காது. கேட்பவர் மனசுக்குள் வரிகளைப் பாடிக்கொண்டே வர வேண்டும். ஆகவே மெயினாவது எல்லோருக்கும் பழக்கமான பாட்டாக இருக்கட்டும். தெரியாத பாட்டை வீணையில் எட்டு நிமிடம் கேட்பது வித்வான்களுக்கே சிரமம்.

இரண்டாவது, வீணைக்கென்றே உள்ள சொத்தான தானத்தை (தாளமில்லாமல், ஆனால் லயத்தோடு ராகத்தை வாசிப்பதை) விட்டுவிடாதீர்கள். ஒரு கீர்த்தனையைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் 4 நிமிடம் தானம் வாசியுங்கள். ஆலாபனை 6, தானம் 4, கீர்த்தனை ஸ்வரத்தோடு 10, தனி 5. முன்னால் ஒரு 5 நிமிட உருப்படி, பின்னால் ஒரு 3 நிமிட உருப்படி. 33 ஆயிற்று.

மீதி 7 நிமிடத்தில் நாலைந்தைச் சுருதிக்கு வையுங்கள். வாசிப்புத் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஏழும் சேர வேண்டும். வெயிலிலிருந்து குளிர்பதன அரங்குக்குள் வந்ததும் உலோகத் தந்தி சுருங்கி இறுகும், சுருதி மேலே ஏறும். சேர்த்து முடித்தபின்னும் ஏறிக்கொண்டே இருக்கும். அரை மணி முன்பே வீணையை உறையிலிருந்து எடுத்து அரங்குக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். நடுவில் மத்யம சுருதிப் பாட்டு வைக்காதீர்கள். சுருதிப் பெட்டியில் பஞ்சமத்தை மத்யமமாக மாற்று, பிறகு திரும்பப் பஞ்சமம் வை என்று இரண்டு முறை நேரம் போகும். ஆசையாக இருந்தால் அதைக் கடைசிப் பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கல்யாண வரவேற்பில் ஒரு மணி நேரம் பாட அழைத்திருக்கிறார்கள். மெயின் எந்த ராகம் வைக்கலாம்?
– வாசகி, சேலம்

ப: மெயினே வேண்டாம். வந்தவர்கள் மேடையில் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். பாதிப் பேர் பந்தியில் இருக்கிறார்கள். நாலரை நிமிடத்தில் முடிகிற பன்னிரண்டு பாட்டு, 54 நிமிடம். ராகக் கோடி முக்கால் நிமிடத்துக்குள். தனி இல்லை, ஆனால் நான்காவது பாட்டிலும் எட்டாவது பாட்டிலும் மிருதங்கக்காரருக்கு ஓரிரண்டு ஆவர்த்தனம் இடம் விடுங்கள், இல்லையென்றால் அவருக்கு அலுத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது பாட்டின் பொருள். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று கோபாலகிருஷ்ண பாரதியின் பெஹாக் பாட்டான ‘இரக்கம் வராமல் போனதென்ன காரணம்’ பாடிவிடுகிறார்கள். மணமேடையில் அது யாரைக் கேட்கிற கேள்வி? பாரதியாரின் ‘ஆசை முகம் மறந்து போச்சே’யும் அப்படித்தான். கச்சேரியில் உருக்கும், வரவேற்பில் பெண்ணின் அத்தை திரும்பிப் பார்ப்பார். சோக ராகங்களான முகாரி, சுபபந்துவராளி இரண்டையும் தள்ளி வையுங்கள். ‘என்ன தவம் செய்தனை’ காபியில் தாராளமாகப் பாடலாம். சினிமாப் பாட்டு கேட்டால் கர்நாடக ராகத்தில் அமைந்த நாலு பாட்டைச் சுருதி பார்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கத் தேவையில்லை.

கே: ஒரு மணி நேரத்தில் ராகம் தானம் பல்லவி பாடலாமா?
– வாசகர், சென்னை

ப: மெயினுக்குப் பதிலாக என்றால் பாடலாம், மெயினோடு சேர்த்து என்றால் கூடாது. ராகம் வயலினோடு 10, தானம் 5, பல்லவி 11, தனி 6 என்று 32 நிமிடம் போய்விடும். மீதி 20-இல் முன்னால் ஒரு வர்ணம், ஒரு விறுவிறு கீர்த்தனை, பின்னால் ஒரு துக்கடா, அவ்வளவுதான்.

பல்லவியில், அதாவது விரித்துப் பாட எடுத்துக்கொண்ட அந்த ஒற்றை வரியில், திரிகாலம் (மூன்று வேகத்தில் பாடுவது) ஒரு முறை, நிரவல் இரண்டு நிமிடம், ராகமாலிகை ஸ்வரம் இரண்டு ராகத்தோடு நிற்கட்டும். ஐந்து ராகம் பாடினால் ஒவ்வொன்றும் விளம்பரத் துணுக்கு போலத்தான் இருக்கும். பல்லவி வரியைக் கடினமான தாளத்தில் வைப்பதும் வீண். தாளத்தைப் புரியவைக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும், அந்த ஐந்து நிமிடம் உங்களிடம் இல்லை.

இன்றைய கச்சேரிப் பத்ததிக்கு உருவம் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்கிறோம். பல்லவியே கச்சேரியைப் பெரும்பாலும் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், வர்ணத்தில் ஆரம்பித்து விறுவிறுப்பான பல கீர்த்தனைகளை முன்னால் நிறுத்தியவர். குறுங்கச்சேரிக்காரர்கள் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை நேரம் பார்த்துக் கேட்கலாம். ஒரு ராகத்தை இரண்டு நிமிடத்தில் முழுசாகச் சொல்லி முடிப்பது எப்படி என்பதற்கு வேறு பாடப்புத்தகம் வேண்டாம்.

கே: ஆலாபனை நடுவில் செயலாளர் மேடை ஓரத்திலிருந்து 20 நிமிடம்தான் இருக்கிறது என்று விரலைக் காட்டினார். பதறிப்போய் தனியைக் கொடுக்காமல் முடித்துவிட்டேன். மிருதங்க வித்வானுக்குக் கோபம். என்ன செய்திருக்கலாம்?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

ப: அவர் கோபம் நியாயம்தான். 20 நிமிடம் நிறையவே இருக்கிறது. ஆலாபனையை அடுத்த தார ஷட்ஜத்தில் முடித்துவிட்டு, வயலினுக்கு 2, கீர்த்தனை 8, ஸ்வரம் மேல்காலத்தில் மட்டும் 2, தனி 4, துக்கடாவில் ஒரு சரணம் 2, மங்களம் 1. 19-இல் முடிந்துவிடும். நிரவல்தான் போகிறது.

எதை முதலில் விடுவது என்பதை மேடையேறும் முன்பே முடிவு செய்து, பட்டியலின் ஓரத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு வையுங்கள். முதலில் விடுவது மெயினுக்கு முன் உள்ள துரித காலப் பாட்டு. அடுத்தது நிரவல், ஸ்வரம் இரண்டில் ஒன்று. மூன்றாவது துக்கடா. தனி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை, அதன் நீளம் மட்டும் மாறும். விரலைக் காட்டியபின் யோசித்தால் எல்லோருக்கும் பதறத்தான் செய்யும்.

தனியை நிமிடத்தில் சொல்லாமல் ஆவர்த்தனத்தில் பேசிக்கொள்வது நல்லது. கடமோ கஞ்சிராவோ கூட இருந்தால் இன்னும் அவசியம். இரண்டு களை ஆதியில் 6 நிமிடம் என்றால் 30 ஆவர்த்தனம். மிருதங்கத்துக்கு 8, கடத்துக்கு 8, இருவரும் மாறி மாறி நீளத்தைக் குறைத்துக்கொண்டே வாசிக்கும் குறைப்பு இரண்டிரண்டு, ஒவ்வொன்று, அரையரையாக 7, மீதி ஏழில் முடிவுச் சொற்கட்டான மோராவும் கோர்வையும். நேரம் குறைந்தால் நீங்கள் தாளம் போடும் கையாலேயே சைகை காட்டலாம், குறைப்பை விட்டுவிட்டு நேரே மோராவுக்கு வந்துவிடுவார்கள். இந்தச் சைகையை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பேசாமல் கையை ஆட்டினால், பிரமாதம் என்று பாராட்டுவதாக நினைத்து இன்னும் நாலு ஆவர்த்தனம் கூடுதலாக வாசிப்பார்கள்!

கே: பத்து வயது மகள் பள்ளி விழாவில் 10 நிமிடம் பாடுகிறாள். வர்ணம் இரண்டு காலத்திலும் பாடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

ப: வேண்டாம். இரண்டாம் காலத்தில் ஓர் இடம் தவறினாலும் குழந்தை முகம் வாடிவிடும். மூன்று நிமிடத்தில் முடிகிற இரண்டு பாட்டு போதும். ஆறு மாதம் முன்பே பாடமானதாக இருக்க வேண்டும், போன வாரம் கற்றது கூடாது. அவள் எந்தச் சுருதியில் பழகினாளோ அதே சுருதி மேடையிலும் கிடைக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் வேறு ஒருவருக்கு வைத்த சுருதிப் பெட்டி அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) தள்ளி இருந்தாலே மேல் ஸ்தாயி கிட்டாது. மைக்கை அவள் உட்காரும் உயரத்துக்கு இறக்கி வைக்க ஒரு பெரியவர் மேடையருகே நிற்கட்டும்.

கே: ரசிகர்கள் துண்டுச் சீட்டில் பாட்டு கேட்டு அனுப்புகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், காரைக்குடி

ப: தனி நடக்கும்போது பிரித்துப் பாருங்கள். துக்கடா இடம் அதற்குத்தான். பாடமான பாட்டாக இருந்தால் உங்கள் துக்கடாவுக்குப் பதிலாக அதைப் பாடலாம், கூடுதலாக அல்ல. பாடமில்லை என்றால் சீட்டைக் கண்ணாடி உறைக்குள் வைத்துவிட்டு, கச்சேரி முடிந்ததும் அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கே: நேரமாகிவிட்டால் மங்களத்தை விடலாமா?
– வாசகி, புதுச்சேரி

ப: விட வேண்டாம். சௌராஷ்டிரத்தில் மங்களம் பல்லவி மட்டும் என்றால் 40 விநாடி. துக்கடா முடிந்து கைதட்டல் நடக்கும்போதே சுருதியைப் பிடித்துக்கொண்டு தொடங்கிவிடுங்கள், யாரும் அறிவிப்புக்காக மைக்கை எடுக்க மாட்டார்கள். பாடி முடித்ததும் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு எழுந்திருங்கள். திரைக்குப் பின்னால் அடுத்த கச்சேரிக்காரர் வேறு கட்டையில் தம்பூரா சேர்த்துக்கொண்டிருப்பார்.